நாற்பத்தொரு பேர் போன ஊர்

அன்று விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: மனுதாரர் ஆரோக்கியம், அவருடைய அம்மா மரியம்மாள், எங்கள் ஹெட் கிளார்க், நான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் லப்பைக்குடிக்காட்டு காதர் பாய். சாட்சி சொல்ல வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தார். மணி பதினொன்று அடித்தும் ஆளைக் காணோம். மற்றவர் சவேரிமுத்து, ஆரோக்கியத்தின் அப்பா. அவர் பழைய சண்டைக்கு, அதாவது முதல் மகா யுத்தத்துக்கு, பட்டாளத்தில் சேர்ந்து முப்பது வருஷமாகத் திரும்பாதவர். அவர் சேர்ந்தார் என்பதைக் காட்டத்தான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தோம்.

நாளை மறுநாள் முதல் என் நாற்காலியில் மாறி மாறி உட்காரப்போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. எந்தப் பீரோவில் எந்தக் கட்டு இருக்கிறது, எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல் என்பதையெல்லாம் ஹெட் கிளார்க் சொல்லிக் கொடுத்துவிடுவார். அவர் சொல்லமாட்டாத ஒன்று இருக்கிறது. அது என் தப்பு. ஆகவே நானே சொல்வதுதான் முறை. பட்டாளத்துக் காகிதங்களோடு நான்கு வருஷம் இருந்திருக்கிறேன். வயது இருபத்தைந்துதான், ஆனாலும் இந்த மேஜையில் எது செல்லும், எது செல்லாது என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்த விதம்தான் கொஞ்சம் அவமானம்.

விஷயம் இதுதான். வரதராஜன்பேட்டைக்கு மேற்கே மூன்று ஏக்கர் செம்மண் புறம்போக்கு. ஆரோக்கியமும் அவர் அம்மாவும் அதில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, கல் பொறுக்கி, ஏழு வருஷமாகக் கடலை போட்டு வந்தார்கள். அதுவரை இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். சர்க்கார் அந்தப் புறம்போக்கைப் பட்டா போட்டுக் கொடுக்கப் போகிறது என்றதும், வசதியுள்ள இன்னொருவரும் அதே இடத்துக்கு மனுப் போட்டுவிட்டார். சண்டையில் செத்தவரின் வாரிசுக்கு முதலிடம் என்று உத்தரவு இருந்தது. ஆரோக்கியம் தன்னை வாரிசு என்று காட்டினால் நிலம் அவருக்கு. காட்டாவிட்டால் அடுத்த விதைப்புக்கு முன்னால் காலி செய்துவிட்டு மறுபடியும் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அவர் முதல் தடவை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். மூன்றாவது வரை படித்தவர். கையெழுத்துப் போடுவார்.

"அப்பா எந்த ரெஜிமெண்ட்? நம்பர் ஏதாவது?"

"அதெல்லாம் தெரியாதுங்க சார். கடல் தாண்டி பஸ்ராவுக்குப் போனாருன்னு சொல்லுவாங்க. நான் அப்ப வயித்துல."

"காகிதம், மெடல், கடுதாசி?"

"ஒண்ணும் கெடையாதுங்க. போனவரு போனவருதான்."

அவருக்குப் பின்னால் தூணோரமாக நின்றுகொண்டிருந்த மரியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தார். "தம்பி, அது வந்து..."

"நீ சும்மா இரும்மா," என்றார் ஆரோக்கியம் திரும்பாமலே. "படிச்சவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல."

நானும் தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் மறுபடியும் தூணோரமாகப் போய்விட்டார்.

எங்கள் பழைய ரிஜிஸ்தர் ஊர் வாரியாகக் கட்டப்பட்டது. ஆரோக்கியத்தின் ஊர்ப் பக்கத்தை எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். சவேரிமுத்து இல்லை. அன்று மாலையே பதில் எழுதினேன்: 'மனுதாரர் கூறும் நபர் அக்கிராமத்திலிருந்து படையில் சேர்ந்ததாகப் பதிவு ஏதும் இல்லை.' எழுதி முடித்துவிட்டு அந்த வாக்கியத்தை நானே ஒரு தடவை ரசித்தேன்.

ஹெட் கிளார்க் வாங்கிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குப்பா. தேடினியா, இல்ல எழுதினியா?"

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் பதிலை வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு ஸ்டாம்பு. நான் மறுபடி அதே பக்கத்தைப் பார்த்து அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் தடவை மனு இல்லாமல் வெறும் கையோடு வந்தார்.

"இல்லை, இல்லைங்கறீங்களே சார். இல்லைன்னா என்னங்க அர்த்தம்? அவரு போகவே இல்லைன்னா, எங்கப்பா எங்க?"

எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான். அப்புறமும் நான் வேறு பக்கத்தைப் புரட்டவில்லை. ஊர் அந்த ஊர்தானே, வேறு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

அதற்கு அடுத்த மாதம் வேறு வேலையாக, பென்ஷன் வாங்குகிறவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துவர, மீன்சுருட்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. பழைய சண்டை முடிந்ததும் பல ஊர்களில் வைத்த அதே மாதிரிக் கல்தான். 'இக்கிராமத்திலிருந்து மகா யுத்தத்திற்குச் சென்றவர்கள் 41. உயிர் நீத்தவர்கள் 6.' கல்லுக்குப் பக்கத்து முளையில் யாரோ கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். அது கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

என் பென்ஷன் பட்டியலில் அந்த ஊருக்கு இரண்டே பெயர்தான். ஆறு பேர் செத்திருந்தால் ஆறு குடும்பம் எங்கே? சாவடி வாசலில் உட்கார்ந்திருந்த தலையாரியைக் கேட்டேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார், கன்றுக்குட்டி திரும்பிப் பார்த்தது.

"அந்த வருசத்துல இந்த ஊர்ல மீசை மொளச்ச ஆம்பளையே முப்பது பேரு தேறாதுங்க. அதுல பட்டாளத்துக்குப் போனது ரெண்டு பேரு. ரெண்டு பேரும் திரும்பி வந்து இன்னிக்கு வரைக்கும் என்னைய அதிகாரம் பண்றானுங்க."

"அப்ப நாற்பத்தொண்ணு?"

"அது ஏஜெண்டு கணக்குங்க. ஆள் சேக்கற ஏஜெண்டு இந்த ஊர்க்காரரு. சந்தையில புடிச்சாலும் சரி, களத்துமேட்டுல புடிச்சாலும் சரி, எல்லாரையும் இந்த ஊருன்னே எழுதிடுவாரு. எந்த ஊரு நெறைய ஆளு அனுப்புதோ அந்த ஊருக்குத்தான தொரை வந்து கல்லு வைப்பாரு, சால்வை போத்துவாரு? போத்துனாங்க. நல்ல சால்வை."

ஆபீஸ் இருக்கிற அரியலூருக்குத் திரும்பும் வரை என்னால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். எல்லோருக்கும் முன்னால் இறங்கித் தள்ளினேன்.

அந்தச் சின்ன ஊரின் பக்கத்தை எடுத்தேன். நாற்பத்தொரு பெயர். இருபத்தேழாவது: சவேரிமுத்து, தகப்பன் ஞானப்பிரகாசம், வயது இருபத்திரண்டு. அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே நீளத் தழும்பு. குறிப்பு: பஸ்ராவில் மரணம். வாரிசு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை, வெறும் காகிதம்.

ஆக, ஆள் கிடைத்தார். ஆனால் வேறு ஊர்க்காரராக. ஊர் பொருந்தாது, வாரிசு இல்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து 'இவர் என் அப்பா' என்று சொல்லலாம். அந்தப் பதிவில் வெளியாருக்குத் தெரியாத ஒரே விஷயம் தழும்பு. விசாரணையில் சவேரிமுத்துவின் மனைவி தன் வாயால் அதைச் சொன்னால் முடிந்தது காரியம்.

இந்த இடத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வரதராஜன்பேட்டைக்குப் போனேன். பூசை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வந்த ஆரோக்கியத்தைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பையும் சொன்னேன்.

"எடது காலுங்களா சார்?"

"இடது கால். முழங்காலுக்குக் கீழ. நீளத் தழும்பு." மறந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை சொன்னேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளே பெருமையாக இருந்தது. என் அப்பா அரியலூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். காகிதத்தால் ஏமாற்றப்பட்ட ஜனங்களுக்கு, அதே காகிதத்திலிருந்து நானே நியாயத்தை எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படித் தோன்றும், குறிப்பாக எதிரே நிற்கிறவர் உங்கள் வீட்டு ஆள் மாதிரி இருந்தால். அப்போது கட்டை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் நான் செய்ததைத்தான் செய்வீர்கள்: இருந்த ஒரே சாட்சியத்தை அன்பினாலேயே கெடுத்தேன்.

விசாரணை அன்று ஆபீசர் காதர் பாய்க்காக அரை மணி நேரம் காத்திருந்தார். பாய் சவேரிமுத்துவோடு, கோவேறு கழுதைகளில் பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஒரே கழுதைப் படையில் இருந்தவர். நாற்பத்தொரு பேரில், தலையாரியை விசாரித்து உண்மையான ஊர் தெரிந்தவர்களுக்கெல்லாம் நான் எழுதிப் போட்டதில் பதில் எழுதியவர் அவர் ஒருவர்தான். பாய் வரவில்லை. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மரியம்மாளை முன்னால் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் உடம்புல ஏதாவது அடையாளம் உண்டாம்மா?"

"எடது முழங்காலுக்குக் கீழ நீளத் தழும்புங்க சாமி."

ரிஜிஸ்தரில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"எம் மவன் சொன்னான். மவனுக்கு இந்தத் தம்பி சொன்னாரு," என்று என்னைக் கை காட்டினார்.

ஹெட் கிளார்க்குக்கு இருமல் வந்துவிட்டது. ஆரோக்கியம், "அம்மா!" என்றார்.

"என்னடா அம்மா? யாரு சொன்னதுன்னு கேட்டாரு, சொன்னேன். சத்தியம் வாங்கிட்டுக் கேக்கறாரு, பொய்யா சொல்லச் சொல்ற?"

"உங்களுக்கா ஞாபகம் இல்லையா, அந்தத் தழும்பு?" என்று ஆபீசர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நான் அவரு கூடக் குடும்பம் நடத்துனது ஒம்பது மாசங்க சாமி. காலப் பாத்த ஞாபகம் இல்ல. மொகமே இப்பச் சரியா வரமாட்டேங்குது."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா சொல்றது உண்மையா?"

அந்த நேரத்தில் மனதில் மூன்று பதில் வரும். இல்லை என்பது ஒன்று. பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்பது இன்னொன்று. இரண்டும் வாய் நுனிவரை வந்தன. ஆனால் எதிரே ஒரு படிக்காத அம்மாள் தன் மூன்று ஏக்கரைப் பணயம் வைத்து உண்மை பேசிவிட்டு நிற்கிறார். நான் சம்பளத்தைப் பணயம் வைக்க யோசித்தால் நன்றாகவா இருக்கும்?

"உண்மைதான் சார். நான்தான் சொன்னேன்."

"எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு எழுத்து முத்து முத்தாக இல்லை.

"தழும்பு இனிமே செல்லாது," என்று ஆபீசர் சொன்னார். "வேற என்ன இருக்கு?"

வேறு ஒன்றும் இல்லை. ஆரோக்கியம் சுவரோரமாகக் குந்திவிட்டார். ஆபீசர் கட்டின் நாடாவைக் கையில் எடுத்தார். நாடா முடிச்சு விழுந்தால் கதை முடிந்தது. அந்த இரண்டு விநாடியில் எனக்கு ஞாபகம் வந்தது முதல் நாள்தான். தூணோரத்திலிருந்து வந்த குரல். 'தம்பி, அது வந்து...' அது என்னவென்று நான் இன்னமும் கேட்கவே இல்லை. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட.

"சார், இவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்க அனுமதி வேணும். பதில் என்னன்னு எனக்கே தெரியாது."

"தெரியாததாப் பாத்தே கேளுங்க," என்றார்.

"அம்மா, மொத நாள் எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தீங்களே. அது என்ன?"

மரியம்மாள் மகனைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. பிறகு ஆபீசரைப் பார்த்து, "சொன்னா ஜெயில்ல போடுவீங்களா சாமி?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"ஊரை மாத்திச் சொன்னதுக்கு."

ஆபீசர் நாடாவைக் கீழே விட்டார். "போடமாட்டேன். சொல்லுங்க."

"அவரு போனதுக்கப்புறம் மாசம் அஞ்சு ரூவா வந்துச்சுங்க. எங்க ஊருக்கு வராது, ஏஜெண்டு ஊருக்குத்தான் வரும். அவர அந்த ஊர்க்காரருன்னுல்ல எழுதியிருந்தாங்க. நீயும் இந்த ஊருன்னுதான் சொல்லணும், மாத்திச் சொன்னா பணமும் நின்னுடும், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஜெயிலுன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு. வெடியக்காலம் கெளம்பினா உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேருவேன். மொத மூணு தடவ இவன் வயித்துல. அப்புறம் இடுப்புல. சாவடியில கர்ணம் உக்காந்திருப்பாரு, கைநாட்டு வச்சுட்டு வாங்கியாருவேன். ஏழு தடவ. எட்டாந்தடவ போனா, கர்ணம் பேனாவ எடுத்து அந்தத் தாள்ல சாச்சு ஒரு கோடு போட்டாரு. இனிமே வராதன்னாரு. அவ்வளவுதான் சாமி. அவரு செத்தாருன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. அந்தக் கோட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

ஆரோக்கியம் சுவரோரத்திலிருந்து எழுந்தார்.

"இத்தனை வருசமா ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றார் ஆரோக்கியம்.

"நீ எங்கடா பேசவுட்ட?"

ஆபீசர் கை நீட்டினார். "அந்த ஊர்க் கட்டை முழுசாக் கொண்டாங்க." நான் கிளம்புவதற்குள் ஹெட் கிளார்க் எழுந்துவிட்டார். நான்கு வருஷத்தில் அவர் ஒரு கட்டுக்காகத் தானே எழுந்து போனதை அன்றுதான் பார்த்தேன். ரிஜிஸ்தருக்குப் பின்னால், அதே நூலில் தைத்து, பழுத்துப்போன கொஞ்சம் தாள்கள் இருந்தன. அவற்றை நான் அதற்கு முன் புரட்டியதில்லை. அது பட்டுவாடாக் கணக்கு, ஆளைத் தேடுகிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆபீசர்தான் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே சவேரிமுத்துவின் பட்டாள நம்பர், ரிஜிஸ்தரில் உள்ள அதே நம்பர். 'மனைவி' என்று மட்டும் எழுதியிருந்தது, பெயர் கிடையாது. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டை விரல் ரேகை. எண்ணினோம். ஏழு. எட்டாவது கட்டத்தில் இடமிருந்து வலமாகச் சாய்ந்து ஒரு கோடு.

மை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மரியம்மாளின் ரேகையை எடுத்தார் ஆபீசர். பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "ரேகை பாக்கிறவங்களுக்கு அனுப்பறேன். அது முறைக்கு," என்றார். "ஆனா இந்த ஏழு ரேகையையும் சாஞ்ச கோட்டையும் இவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது. இங்க இருக்கிற யாருக்கும் தெரியாதே." என் பக்கம் பார்க்காமலே சொன்னார். எனக்கு வர வேண்டியது வந்து சேர்ந்தது. முப்பது வருஷமாகக் காலியாக இருந்த வாரிசுக் கட்டத்தில் மரியம்மாளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலம் மூன்று ஏக்கரும் ஆரோக்கியத்துக்கு ஆனது. எனக்கு ஒரு மெமோ. ஒரு வருஷ இன்கிரிமெண்ட் நின்றது. சரியான தண்டனைதான், எனக்கு அதில் குறையில்லை.

காதர் பாய் இரண்டு மணிக்கு வந்தார். பஸ் பெரம்பலூர் தாண்டிப் படுத்துவிட்டதாம். "யா அல்லா, முடிஞ்சிருச்சா?" என்று வராந்தாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். மரியம்மாள் அவர் எதிரில் போய் நின்றார். புருஷன் எப்படிச் செத்தார் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பாய், அங்க அவருக்குச் சோறு கெடச்சுதா?"

பாய் விசிறியை நிறுத்தினார். "கெடச்சுது ஆத்தா. நல்லாவே கெடச்சுது."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதும் இந்த மேஜையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுதான்.

உங்களிடம் வருகிற ஒவ்வொரு மனுவுக்கும் பின்னால் தூணோரமாக ஒருவர் நிற்பார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் முன்னால் நின்று பேசுவார். அவரோடு பேசுவது நமக்குச் சுலபம், ஏனென்றால் அவர் நம் பாஷையைப் பேசுகிறார். அந்தச் சுலபத்தை நம்பாதீர்கள். என் வீட்டிலேயே, நான் படித்து வந்த பிறகு, அம்மா என்னிடம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, 'உனக்குத் தெரியாததா' என்று பாதியில் நிறுத்திக்கொள்வாள். இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. 'தெரியாது, சொல்லு' என்கிறேன்.

கொடி மாறிவிட்டது, ரிஜிஸ்தர் மாறவில்லை. அந்த ஊர்க் கட்டில் இன்னும் முப்பத்தெட்டுப் பேருக்கு ஊர் தப்பாகத்தான் இருக்கிறது. ஊரை நம்பித் தேடாதீர்கள். கடைசித் தாள் வரை புரட்டுங்கள்.

பட்டா வாங்க வந்த அன்று ஆரோக்கியத்திடம் மொத்தம் என்ன செலவாயிற்று என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். மரியம்மாள்தான் விரலை மடக்கிச் சொன்னார். நான் முதல் நாளே அவரைக் கேட்டிருந்தால் ஒரு மனு, ஒரு ஸ்டாம்பு, இரண்டு பேருக்குப் போக வர பஸ் என்று மூன்று ரூபாயோடு முடிந்திருக்கும். கேட்காததால் மனு எழுதினவருக்கு இரண்டு தடவை, ஸ்டாம்பு இரண்டு தடவை, அரியலூருக்கு ஐந்து நடை, அந்த நாளெல்லாம் கடலைக் காவலுக்கு ஆள் கூலி, வழிச் சாப்பாடு. அதற்காக ஒரு வெள்ளாட்டையும் அதன் குட்டியையும் விற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆனது இருபத்து மூன்று ரூபாய் ஏழணா.